மூலநிரலைத் தொட்டுப் பார்ப்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. நம் கணினி அறிவியல் பாடத்தில் இப்பழமொழிக்கு எடுத்துக்காட்டாக ஒரு பகுதி உண்டு. இயக்க முறைமைத் தாளில், ஒரே கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முறைகளைப் பற்றிய பகுதியே அது. பைப், செய்தி வரிசை, பகிர்வு நினைவகம் என்று தலைப்பிட்டு விளக்கம் எழுதுகிறோம், படம் வரைகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால், நம் கண்முன் இருக்கும் கணினியில் அச்செய்திகள் எவ்வழியே செல்கின்றன, யார் அனுமதித்துச் செல்கின்றன என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. அத்தகைய ஒரு சேவையை மூலநிரலிலிருந்து நாமே கட்டி, நாமே அமைத்து, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்; அது நம் செய்முறைப் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்பதே என் கருத்து.

நான் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் சேவையின் பெயர் டி-பஸ். ரெட் ஹாட் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாவக் பென்னிங்டன் முதலியோர் 2002-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினர். 2006 நவம்பரில் இதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதற்கு முன் லினக்ஸ் உலகில் கேடிஈ மேசைத்தளம் டிகாப் என்ற தன் சொந்த முறையைக் கையாண்டது. நோம் மேசைத்தளமோ கோர்பாவை அடிப்படையாகக் கொண்ட வேறொரு முறையைக் கையாண்டது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத நிலை. 2008-இல் கேடிஈ 4 வெளிவந்தபோது அதுவும் டி-பஸ்ஸை ஏற்றுக்கொண்டது. இரு வீட்டாருக்கும் பொதுவான தெரு அமைந்தது எனலாம்.

இதன் வேலையைப் பழைய தொலைபேசி நிலையத்தோடு ஒப்பிடலாம். நிரல்கள் ஒன்றையொன்று தேடி அலைவதில்லை. நடுவில் ஒரு பணியாளர் நிரல் அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நிரலும் அதனிடம் தன் பெயரைப் பதிந்துகொள்கிறது. செய்திகள் நால்வகை: ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் அழைப்பு, அதற்கான பதில், செய்ய முடியாதபோது வரும் பிழைச் செய்தி, கேட்க விரும்புவோர் கேட்கலாம் என்று விடுக்கப்படும் அறிவிப்பு. தடங்களும் இரண்டு. கணினி முழுமைக்கும் பொதுவானது ஒன்று. உள்நுழைந்த பயனருக்கு உரியது மற்றொன்று.

இது எங்கோ தொலைவில் நடக்கும் விந்தையன்று. லினக்ஸ் கணினிகளில் தமிழ் தட்டச்சு செய்யப் பெரிதும் பயன்படும் ஐபஸ் என்னும் மென்பொருள், தனக்கென ஒரு தடம் அமைத்துக்கொண்டு இதே டி-பஸ் நெறிமுறையில்தான் பேசுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் 'க' விசையையும் 'இ' விசையையும் அடுத்தடுத்து அழுத்துகிறோம். அவ்விரு விசைகளும் செய்திகளாக உள்ளீட்டு நிரலுக்குச் செல்கின்றன. 'கி' என்ற எழுத்து செய்தியாகத் திரும்பி வருகிறது. நாம் எழுதும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் இவ்வாறு போய் வருகிறது என்று அறியும்போது, தேர்வுக்கு மனப்பாடம் செய்த பத்தி உயிர் பெறவில்லையா?

நம் மாநிலத்துக்கும் இதற்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அக்கணினிகளில் இடம்பெற்றது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு, சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கியது. ஆக, அரசுப் பள்ளி மாணவர்களின் கைக்கே டி-பஸ் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தே பாராதவர்களையும், 'இடத்தை அடைக்கிறது' என்று அழித்துவிட்டவர்களையும் நம் அண்ணன்மார், அக்காமாரிடையே காணலாம். குறை அவர்களுடையதன்று. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று காட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

சரி, கட்டுவது எப்படி? மூலநிரல் தொகுப்பு விலையின்றிக் கிடைக்கிறது. சுருக்கிய நிலையில் அதன் அளவு ஒன்றரை மெகாபைட்டுக்கும் குறைவு. முன்பு 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்ற மூன்று கட்டளைகளால் நடந்த கட்டுமானம், இன்றைய பதிப்புகளில் மேசான், நிஞ்சா என்னும் கருவிகளால் நடக்கிறது. முதற்படியில், தேவையான பொருள்கள் கணினியில் உள்ளனவா என்று கருவியே சோதிக்கும். டி-பஸ்ஸுக்கு எக்ஸ்பாட் என்ற நூலகம் இன்றியமையாதது. டெபியன் வழிவந்த கணினியில் அந்நூலகம் பெரும்பாலும் இருக்கும். ஆயினும் கட்டுமானம் 'எக்ஸ்பாட் இல்லை' என்று நின்றுவிடக்கூடும். ஏன்? ஓடுவதற்கு நூலகம் போதும். கட்டுவதற்கு அதன் ஹெடர் கோப்புகளும் வேண்டும். அவை தனித் தொகுப்பாக உள்ளன. சி மொழி வகுப்பில் 'இன்க்ளூட்' என்று முதல் வரியில் எழுதும்போது புலப்படாத உண்மை, இங்கே ஒரு பிழைச் செய்தியில் புலப்பட்டுவிடுகிறது.

அடுத்து, நிறுவும் இடத்தைக் குறிக்க வேண்டும். இங்கே எச்சரிக்கை தேவை. கணினி நம்பியிருக்கும் டி-பஸ்ஸின் மேல் கைவைத்தால் மேசைத்தளமே எழாமற் போகலாம். ஆகவே நம் சொந்த அடைவுக்குள் ஒரு மூலையை இடமாகக் கொடுத்துவிட்டால் ஆபத்தில்லை. கட்டி முடித்தபின் 'டிபஸ்-ரன்-செஷன்' என்ற கட்டளை, நமக்கென்றே புதிய தடம் ஒன்றைத் திறந்து தரும். அத்தடத்தில் 'யார் யார் இருக்கிறீர்கள்?' என்று 'டிபஸ்-சென்ட்' கொண்டு கேட்டால் இரண்டே பெயர்கள் பதிலாக வரும். ஒன்று அந்தப் பணியாளரின் பெயர். மற்றொன்று கேட்டவருக்கு அது இட்ட எண். ஊரும் புதிது, குடியிருப்போரும் இருவரே!

கட்டுவதைவிட அமைப்பதில்தான் பாடம் மிகுதி. அமைப்புக் கோப்புகள் எவரும் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் உள்ளன. பொதுத் தடத்திற்கான கோப்பைத் திறந்தால், எவரும் எந்தப் பெயரையும் உரிமை கொண்டாடக் கூடாது, எவரும் எந்தச் சேவையையும் ஏவக் கூடாது என்பதே இயல்பு விதி. பிறகு ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் கோப்பில் வேண்டிய அனுமதி மட்டும் வழங்கப்படுகிறது. பயனர் தடத்திற்கான கோப்போ தாராளமாக அனுமதிக்கிறது; அங்கே பேசுவோர் அனைவரும் ஒரே பயனரின் நிரல்கள் அல்லவா? பொது இடத்தில் கட்டுப்பாடு, சொந்த வீட்டில் சுதந்திரம். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த வழிகாட்டி நூலிலும் கண்டதில்லை.

'கட்டிய பண்டம் கையில் கிடைக்கும்போது மீண்டும் ஏன் கட்ட வேண்டும்? வேலை கொடுப்போர் இதையா கேட்கப் போகிறார்கள்?' என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அதற்கு விடை நம் ஊர்த் தொழிலிலேயே இருக்கிறது.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று பாலாற்றின் சுற்றுப்புறமெங்கும் பரவியது தோல் தொழில். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோலை அரைப்பண்டமாகக் கப்பலேற்றிய காலம் ஒன்றிருந்தது. 1970-களில் மைய அரசு சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று அத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுமை பெற்ற தோலும் காலணிகளும் இங்கேயே உருவாக வழி பிறந்தது. ஆயினும் இன்றும் ஆம்பூரில் தைக்கப்படும் காலணிகளில் பல, அயல்நாட்டு நிறுவனங்களின் பெயரைத் தாங்கியே செல்கின்றன. வடிவம் அவர்களுடையது, தையல் நம்முடையது. தைப்பவரின் திறமையில் குறையில்லை. வடிவத்தை முடிவு செய்யும் இடத்தில் அவர் இல்லை. கணினித் துறையிலும் நாம் பிறர் வெட்டித் தந்ததைத் தைப்பவர்களாக மட்டும் இருக்கப் போகிறோமா? தோலில் நம் மக்கள் மூலப்பொருளிலிருந்து முழுப்பண்டத்தை நோக்கி ஏறினார்கள். கணினியில் நாம் முழுப்பண்டத்திலிருந்து மூலத்தை நோக்கி இறங்கிப் பழக வேண்டும்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல். நம்மில் பலர் அவ்வாறே. வழிகாட்ட வீட்டில் ஆளில்லை. பயிற்சி நிலையத்திற்குக் கட்டப் பணமில்லை. மூலநிரலோ நம்மிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை, கட்டணம் கேட்பதில்லை, யார் பிள்ளை என்றும் கேட்பதில்லை. பெரிய நிறுவனத்துப் பொறியாளர் படிக்கும் அதே வரிகளை நாமும் படிக்கலாம். இப்படிப்பட்ட வாய்ப்பைக் கைநழுவ விடலாமா?

ஆதலின் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். இயக்க முறைமைச் செய்முறை வகுப்பில் இருவருக்கு ஒரு மூலநிரல் கட்டுமானம் என்று ஒரு பயிற்சியேனும் வையுங்கள். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இருந்தால் போதும். ரெக்கார்டு நோட்டில் முடிவை மட்டும் கேளாதீர்கள். கட்டுமானம் எங்கே நின்றது, ஏன் நின்றது, எப்படி நகர்ந்தது என்பதையும் எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் இடுங்கள். முடிவைச் சென்ற ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதிவிடலாம். தன் கணினியில் எழுந்த பிழையை எவரைப் பார்த்து எழுதுவது?

மாணவ நண்பர்களே! வகுப்பில் இடம்பெறும் வரை காத்திராமல், வரும் விடுமுறையில் இருவர் சேர்ந்து தொடங்குங்கள். பிழைச் செய்தி வந்தால் அஞ்சாமல் முழுவதும் படியுங்கள். பெரும்பாலும் அதன் கடைசி வரிகளிலேயே அடுத்து நாம் செய்ய வேண்டியது எழுதியிருக்கும்.