டாங்கிளைத் தூக்கி எறிவதற்கு முன்

"வாட்சப் குழு இருக்கும்போது இன்னும் எதுக்குங்க இந்தக் குறுஞ்செய்தி?" இந்தக் கேள்வி இப்போது உழவர் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். பின்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் சட்டைப்பையில் இருப்பது பட்டன் போன். மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் கைவிடாமல் வைத்திருப்பவர்களில் பலர் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள். வாட்சப்புக்கு மட்டும் மாறினால், விதை யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே விதைத் திருவிழாத் தேதி தெரியாமல் போகும். போன் போட்டுச் சொல்லலாம்தான். அறுபது பேருக்கு யார் உட்கார்ந்து போடுவது?

குறுஞ்செய்தியை நிறுத்தச் சொல்பவர்கள் காட்டும் காரணம், "டாங்கிளை நம்ப முடியலை" என்பது. டேட்டா கார்டு, நெட் செட்டர், டாங்கிள் என்று பெயர் எதுவானாலும், பழைய கணினியில் செருகி அறுபது எழுபது பேருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் சின்னக் கருவி அது. ஒரு நாள் போகும், மறுநாள் போகாது. பாதிப் பேருக்குப் போகும், மீதிப் பேருக்குப் போகாது. சந்தை வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் சேதி வந்து சேராத வீட்டில், பறித்துக் கட்டிய கீரை திண்ணையிலேயே வாடும். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தைக் கருவி மேல் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பயிர் மஞ்சளடித்தால் காரணம் பார்க்காமல் உரக்கடைக்கு ஓடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நாம், டாங்கிள் விஷயத்தில் மட்டும் ஓடுகிறோம்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டு, கையாலேயே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். போகவில்லையா? டாங்கிளைத் திட்டிப் பயனில்லை. கோளாறு சிம்மிலோ, ரீசார்ஜிலோ, டவரிலோ இருக்கிறது. டாங்கிளுக்குள் கிடக்கிற சிம்முக்கு யாரும் அழைப்பதில்லை, அது மணியடிப்பதும் இல்லை. அதனால் ரீசார்ஜ் முடிந்தது யாருக்குமே தெரிவதில்லை. பழைய 3ஜி டாங்கிளில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு, "நெட்வொர்க் எடுக்கலை" என்று சொல்பவர்களும் உண்டு. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது, எப்படி எடுக்கும்?

பட்டன் போனில் செய்தி போகிறது, டாங்கிளில் மட்டும் போகவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது மின்சாரம். இதை உழவருக்கு விளக்கவே வேண்டாம். கிணற்று மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிட, கிளம்பும் நொடியில்தான் அதிகம் இழுக்கும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் உறுமிவிட்டு நின்றுவிடும். டாங்கிளும் அதே சாதிதான். சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் இழுக்கும். செய்தி அனுப்பும் நொடியில் குபீரென்று இழுக்கும். டவர் தூரமாக இருந்தால் இன்னும் கூடுதலாக இழுக்கும். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். அதிலும் மெல்லிய நீட்டிப்பு ஒயர் போட்டு ஜன்னல் வரை இழுத்திருந்தால் வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். டாங்கிள் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். மென்பொருளோ பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு காத்துக்கிடக்கும். "பச்சை விளக்கு எரியுது, ஆனா செய்தி போகலை" என்கிற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். தனி அடாப்டர் வைத்த யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை வாங்கி, தரமான குட்டை ஒயரில் டாங்கிளைச் செருகினால் இந்தச் சிக்கல் தீரும். புது டாங்கிள் வாங்குவது அதற்குப் பிறகு.

விண்டோஸ் கணினியில் இன்னொரு தொல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று, வேலையில்லாத யூ.எஸ்.பி. துளையைக் கணினி தானாகவே தூங்க வைத்துவிடும். பவர் அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவிடுங்கள். டாங்கிளை எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள். துளை மாறினால் கணினி அதற்குக் கொடுக்கும் போர்ட் எண்ணும் மாறலாம். மென்பொருள் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். புதிய 4ஜி டாங்கிள் வாங்குபவர்கள் கடையிலேயே கேட்டுவிட வேண்டியது ஒன்று உண்டு. இவற்றில் பல, கணினிக்குத் தன்னை மோடமாகக் காட்டாமல் நெட்வொர்க் கார்டாகக் காட்டும். இணையம் வரும், ஆனால் கம்மு போன்ற குறுஞ்செய்தி மென்பொருள்கள் தேடும் போர்ட் அதில் இருக்காது.

இப்போது "பாதிப் பேருக்குத்தான் போகுது" என்ற புகாருக்கு வருவோம். இதில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அந்த 70-உம் நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "நாளை சந்தை" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்தும் ஓர் இடைவெளியும். கருவிக்கு அது பத்து. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் 67. ஒரு துண்டு வழியில் தங்கினாலும் செய்தி முழுசாக வந்து சேராது.

இன்றைய ரீசார்ஜ் திட்டங்கள் பலவற்றில் ஒரு நாளைக்கு 100 குறுஞ்செய்திதான். "அன்பார்ந்த உழவர் பெருமக்களுக்கு வணக்கம்" என்று தொடங்கி மூன்று துண்டாக நீளும் செய்தியை அறுபது பேருக்கு அனுப்பினால் கணக்கு 180. முப்பத்து மூன்று பேரோடு நின்றுவிடும். பட்டியல் அகர வரிசையில் இருந்தால், வகரத்தில் பெயர் தொடங்குகிறவர்களுக்குச் செய்தி ஒருநாளும் வராது! டாங்கிள் பழுது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வெறும் பெருக்கல் கணக்கு. வணக்கத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம். "சந்தை வண்டி காலை 4.30" போதும்.

உறுப்பினர்கள் அனுப்பும் பதில்கள் வருவது நின்றுவிட்டால் சிம்மைப் பாருங்கள். சிம்மில் சில பத்துச் செய்திகளுக்குத்தான் இடம். நிரம்பிவிட்டால் புதிது உள்ளே வராது. படித்ததும் அழிக்கும்படி மென்பொருளில் அமைத்துவிட வேண்டும். திரையில் "அனுப்பப்பட்டது" என்று வருவதையும் அப்படியே நம்ப வேண்டாம். டவர் வாங்கிக்கொண்டது என்பதுதான் அதற்குப் பொருள். உழவர் கைக்குப் போனதா என்பது வேறு. முக்கியமான சேதிக்கு டெலிவரி ரிப்போர்ட் கேட்கும் வசதியைப் போட்டு வையுங்கள். ரிப்போர்ட் வராதவர்களுக்கு மட்டும் போன் போடுங்கள். அறுபது அழைப்பு ஐந்தாகவோ ஆறாகவோ குறையும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதெல்லாம் குழுவுக்குள், கேட்டுக்கொண்ட உறுப்பினர்களுக்கு அனுப்பும் சேதிக்கு மட்டும். நுகர்வோருக்கு "நாட்டுச் சர்க்கரை வந்திருக்கு" என்று சாதாரண சிம்மிலிருந்து மொத்தமாக அனுப்பக் கூடாது. 2018-இல் டிராய் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி வணிகச் செய்திக்கு முறையான பதிவு வேண்டும். யாராவது 1909-இல் புகார் கொடுத்தால் இணைப்பே போய்விடக்கூடும்.

ஒரு டாங்கிளை மட்டும் நம்பியிருப்பது ஒரே பயிரை நம்பியிருப்பது மாதிரிதான். இரண்டாவது டாங்கிள் ஒன்று, வேறு நிறுவனத்தின் சிம்மோடு, பெட்டியில் இருக்கட்டும். ரீசார்ஜ் முடியும் தேதியைக் கணினி மேல் தாளில் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அந்தத் தாளைப் பார்ப்பது யார் பொறுப்பு என்பதை அடுத்த கூட்டத்திலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். வாட்சப் போதும் என்று சொல்கிற இளையவர்களில் ஒருவரிடமே அதைக் கொடுக்கலாம்.