முதலில் மாற வேண்டியது எந்த வாகனம்?

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம் நாட்டில் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. பெற்றோலுக்காக இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றனர். அந்த வரிசைகளிலேயே உயிரை விட்டவர்களும் உளர். ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் வந்து சேர வழியில்லாததால் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கரவண்டியொன்றுக்கு வாரத்துக்கு 5 லீற்றரே கிடைத்தது. நாள் முழுவதும் ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ள ஒருவருக்கு அது இரண்டு நாள் உழைப்புக்கும் போதாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் வீதிகளில் மின்சாரக் கார்களை அடிக்கடி காண்கிறோம். "இனிமேல் கார் வாங்குவதென்றால் மின்சாரக் கார்தான்" என்கின்றனர் சிலர். "இந்த நாட்டுக்கு அது சரிவராது" என்கின்றனர் வேறு சிலர். இரு தரப்பினரின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஆதரிப்போரின் வாதம் வலுவானது. நம் நாட்டில் எண்ணெய்க் கிணறு கிடையாது. ஒவ்வொரு லீற்றருக்கும் டொலர் கொடுத்தாக வேண்டும். அப்படி வாங்கும் பெற்றோலின் சக்தியிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் காரின் சில்லைச் சுழற்றுகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரோ தனக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதியை ஓட்டமாக மாற்றிவிடும். புகை இல்லை, இரைச்சல் குறைவு, எஞ்சின் ஒயில் மாற்றும் வேலையும் இல்லை.

எதிர்ப்போர் சொல்வதையும் அலட்சியப்படுத்த முடியாது. மின்சாரக் காரின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மின்சாரக் கார்கள் பலவற்றில், நம் நாட்டு வெப்பத்தில் பற்றரி தேய்ந்து ஓடும் தூரம் குறைந்துபோனது. புதிய பற்றரிகள் அவற்றைவிட மேம்பட்டவைதான்; எனினும் பற்றரிதான் வாகனத்திலேயே விலை கூடிய பாகம். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் இரவில் எங்கே மின்னேற்றுவார்? சில பற்றரிகளுக்கு வேண்டிய கோபோல்ட்டின் பெரும்பகுதி கொங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் மண் தோண்டுகிறார்கள் என்பது உலகறிந்த துயரம். கோபோல்ட் இல்லாத பற்றரிகள் இப்போது பரவலாகி வருவது ஓர் ஆறுதல்.

இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. வாகனத்துக்கு ஏற்றும் மின்சாரம் எதிலிருந்து வருகிறது? விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்கள் நிறைந்திருக்கும் காலத்தில் நீர்மின் கைகொடுக்கிறது. மழை பொய்த்தால் நுரைச்சோலையின் 900 மெகாவொற் அனல் மின் நிலையத்தையும் எண்ணெயில் இயங்கும் நிலையங்களையுமே நாடவேண்டியுள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வருபவை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். வேலை முடிந்து வீடு திரும்பும் எல்லோரும் அந்நேரத்தில் காரைச் செருகினால், காரில் எரியாத எண்ணெய் மின் நிலையத்தில் எரியும்.

ஆனால் பகலில் நிலைமை வேறு. 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில், கூரைகளில் உள்ள சூரிய மின் தொகுதிகளைப் பகல் வேளையில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் தேவை குறைந்து, வெயில் தந்த மின்சாரத்தைத் தாங்குவது மின்வலையமைப்புக்குக் கடினமாகியிருந்தது. டொலர் இல்லாமல் கிடைக்கும் மின்சாரத்தைப் பகலில் வேண்டாம் என்கிறோம். இரவில் டொலர் கொடுத்து எண்ணெய் எரிக்கிறோம். இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய வாகனம் எது என்று பார்த்தால், அது வசதி படைத்தவரின் கார் அல்ல.

நம் பாடசாலை வாசலையே எண்ணிப் பாருங்கள். காலை 7.30 மணிக்கு முன் பிள்ளைகளை இறக்கிவிடும் வேன்களும் ஓட்டோக்களும் பிற்பகல் 1.30 மணிக்குத்தான் மறுபடி வருகின்றன. இடையில் சில மணித்தியாலம் வாடகை ஓட்டம் கிடைத்தாலும், நிழலில் நிற்கும் நேரமே பலருக்கு அதிகம். வெயில் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். பாடசாலைக் கூரையிலும் பஸ் நிலையக் கூரையிலும் சூரியத் தகடுகள் இருந்து, அருகிலேயே மின்னேற்றும் வசதியும் இருந்தால், பகலில் மிஞ்சும் மின்சாரம் நேரே அந்த வாகனங்களுக்குள் போகும்.

நம் நாட்டில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான முச்சக்கரவண்டிகள் பதிவாகியுள்ளன. வார இறுதியில் மட்டும் தூரப் பயணம் போகும் காரைவிட, தினமும் ஓடும் ஓட்டோ மின்சாரத்துக்கு மாறினால் மிச்சமாகும் பெற்றோல் பல மடங்கு. நூறு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 4 லீற்றர் பெற்றோல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்தச் செலவில் மிச்சமாவது ஓட்டுநரின் பிள்ளைக்குப் புத்தகமாகும், மாலை நேர வகுப்புக் கட்டணமாகும். பழைய வண்டியின் இயந்திரத்தைக் கழற்றி மின்மோட்டார் பொருத்தும் முயற்சிகள் இங்கேயும் தொடங்கியுள்ளன. ஆனால் அந்த மாற்றத்துக்கான பணத்தை ஓட்டுநர் ஒரேயடியாகப் புரட்ட முடியாது. குறைந்த வட்டிக் கடனும், பற்றரிக்கு நம்பகமான உத்தரவாதமும் இல்லாவிட்டால் அவர் பெற்றோலையே நம்பியிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நேபாளம் நமக்கு ஒரு பாடம். அந்நாட்டிலும் எண்ணெய் இல்லை. 2015 இல் இந்திய எல்லையில் போக்குவரத்துத் தடைப்பட்டபோது அங்கும் எரிபொருளுக்காக நீண்ட வரிசைகள் உருவாகின. இன்று அங்கு இறக்குமதியாகும் புதிய கார்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் ஓடுபவை. கார்களோடு நில்லாமல் பயணிகளை ஏற்றும் சிறிய பஸ்களும் மின்சாரத்துக்கு மாறி வருகின்றன. ஆற்று நீரிலிருந்து பெறும் மின்சாரமும், மின்வாகனத்துக்குக் குறைவான வரியும் அதற்குத் துணை நின்றன. தமக்கு உள்ளதைக் கொண்டு அவர்கள் திட்டமிட்டார்கள். நமக்கு நீரோடு வெயிலும் இருக்கிறது.

எனவே மின்சாரமா பெற்றோலா என்று வீடுகளில் விவாதிக்கும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். எந்த நேரத்தில் மின்னேற்றப் போகிறோம்? யாருடைய வாகனத்துக்கு முதலில் உதவப் போகிறோம்? கார் வாங்க வசதியுள்ள பெற்றோர், முடிந்தவரை பகலில் மின்னேற்றும் ஏற்பாட்டோடு வாங்கட்டும். பெற்றோர் சங்கங்களும் பழைய மாணவியர் சங்கங்களும் பாடசாலைக்கு ஏதேனும் கட்டிக்கொடுக்க எண்ணும்போது, கூரையில் சூரியத் தகடும் வாசலில் வேன்களுக்கு ஒரு மின்னேற்றும் இடமும் அமைப்பது பற்றிப் பேசட்டும். விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் கற்கும் மாணவியர் அதற்கான கணக்கைப் போட்டுக் காட்டட்டும்.

இன்னொரு தட்டுப்பாடு வராது என்று எவராலும் உறுதி கூற முடியாது. அப்படி வந்தாலும், வரிசையில் முதலில் வாடுகின்ற ஓட்டோக்காரரும் பஸ்ஸில் போகும் பிள்ளையும் இம்முறை பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டுக் கார்கள் மட்டும் மாறினால், மாற்றம் வந்துவிட்டதாக நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.