கடலடிச் செல்வம்

"ஆழந் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. ஆழம் பார்த்துக் கடலில் காலை வைத்த ஒரு சிறு தேசத்தின் கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நார்வே தேசத்தின் தென்மேற்குக் கரையில் ஸ்டவாங்கர் என்னும் துறைமுகப் பட்டணம் இருக்கிறது. சிறு மீன்களைப் புகையூட்டித் தகர டப்பாக்களில் அடைத்து அனுப்புவது ஒரு காலத்தில் அவ்வூராரின் பிரதான ஜீவனமாயிருந்தது. அத்தொழில் க்ஷீணித்து வந்த வேளையில், 1969-ஆம் வருஷத்தின் இறுதியில், வடகடலுக்கு அடியே எகோபிஸ்க் என்னுமிடத்தில் எண்ணெய் அகப்பட்டது.

எண்ணெய் கிடைத்துவிட்டால் கரையோர ஜனங்களுக்குச் செல்வம் தானாக வந்து சேரும் என்றெண்ணுவது பேதைமை. அந்நியக் கப்பல் எண்ணெயை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் கரையில் மிஞ்சுவது கறை ஒன்றே. இதை உணர்ந்த நார்வே பார்லிமெண்டு 1971-இல் பத்துக் கொள்கைகளை வகுத்தது. எண்ணெய் பெரும்பாலும் தேசத்தின் கரைக்கே வரவேண்டும்; அதையொட்டிப் புதிய தொழில்கள் வளரவேண்டும்; பழைய தொழில்களையும் இயற்கையையும் மறக்கலாகாது என்பன அவற்றுட் சில. மறு வருஷம் சர்க்கார் எண்ணெய்க் கம்பெனியும் மேற்பார்வை இலாகாவும், தலைநகரிலன்றி, ஸ்டவாங்கரிலேயே ஸ்தாபிக்கப்பட்டன. கடலில் நிறுத்துவதற்கான பிரம்மாண்டமான காங்கிரீட் மேடைகள் அவ்வூரருகே கட்டப்பட்டன. மீன்பிடிக்கும் இடத்தை இழக்கும் மீனவருக்கு நஷ்டஈடு உண்டென்று சட்டமும் செய்தார்கள்.

இத்தனை ஜாக்கிரதைக்கு நடுவிலும் விபத்து நேர்ந்தது. 1980-ஆம் வருஷம் மார்ச்சு 27-ஆந் தேதி, தொழிலாளர் தங்கியிருந்த மிதக்கும் மேடையொன்று புயற்காற்றில் கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். இரும்புப் பற்றவைப்பிலே தோன்றிய ஒரு சிறு விரிசலே மூலகாரணம் என்று விசாரணையில் வெளிப்பட்டது. அதன்பின் பாதுகாப்பு விதிகள் மிகவும் கடுமையாயின. அஜாக்கிரதையாய் விட்ட ஓர் அங்குலத்திற்குக் கடல் உயிரை விலையாகக் கேட்கிறது.

எண்ணெய் ஒருநாள் வற்றும் என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. வருங்காலச் சந்ததிக்காக 1990-இல் ஒரு நிதிக்குச் சட்டமியற்றி, 1996-இல் முதல் தொகையைச் செலுத்தினார்கள்.

நம் தேசத்திலும் 1974-இல் பம்பாய்க்கு மேற்கே நடுக்கடலில் எண்ணெய் கண்டோம். கோதாவரி, காவேரிக் கழிமுகங்களுக்கு அப்பாலும் கண்டிருக்கிறோம். கடற்கிணறுகள் பெருகுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒவ்வொரு கிணறு தோண்டுமுன்னும் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்தக் கரையில் வலைவீசிப் பிழைப்பவன் வீட்டிலும் இந்த எண்ணெயால் விளக்கெரியுமா?