குறித்து வைப்பதும் கோத்து வைப்பதும்

படித்த பக்கத்தில் மயிலிறகு வைத்து, அது குட்டி போடுமென்று காத்திருந்த தலைமுறை நாம். திருமறைப் பிரதியின் பட்டு நாடாவை ஓதி நிறுத்திய இடத்தில் வைத்து மூடுவதும் நம் இல்லங்களின் வழக்கமே. இன்றைய மாணவருக்கு இணையமே நூலகம். உலாவியின் நட்சத்திரக் குறியே மயிலிறகு. அதனை அழுத்திய அளவில் அப்பக்கத்தின் முகவரி 'புத்தகக்குறி'யாகப் பதிவாகிவிடுகிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர், தம் மாவட்டத்து அத்திரம்பாக்கம் பற்றிக் கட்டுரை எழுதினார். அங்குள்ள இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுத் தொன்மை உடையன என்ற செய்திக்குச் சான்று கேட்டோம். புத்தகக்குறிகளைத் திறந்து காட்டினார். அறுபதுக்கு மேற்பட்டவை ஒரே வரிசையில் கிடந்தன. பலவற்றுக்கு 'முகப்பு' என்றே பெயர். சிலவற்றைத் திறந்தால் பக்கமே இல்லை. 2018இல் 'நேச்சர்' ஆய்விதழில் சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்ட முடிவு அது. உண்மையையே எழுதியிருந்தும் அவரால் அதனை நிறுவ இயலவில்லை. அவரைக் கடிந்துகொள்ள நமக்குத் தகுதியில்லை. நம் கணினியின் நிலையும் அதுவே.

அதே அத்திரம்பாக்கத்தில் 1863இல் கற்கருவிகளைக் கண்டறிந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், தாம் திரட்டியவற்றைக் கிடைத்த இடத்தோடு குறித்து வைத்தார். அத்தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இடம் குறிக்கப்படாத கருவி ஆய்வாளனுக்கு வெறுங்கல்லே. பெயரும் காரணமும் இல்லாத புத்தகக்குறியும் அத்தகையதே.

மற்றொன்றும் உண்டு. மயிலிறகு நூலின் உள்ளே இருந்தது. புத்தகக்குறியோ முகவரியை மட்டுமே காக்கிறது. வீடு இடிந்தபின் முகவரியால் என்ன பயன்? 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை அமெரிக்காவில் நிறுத்தியபோது எண்ணற்ற பக்கங்கள் அவ்வாறே முகவரி இழந்தன.

ஆகவே மாணவச் செல்வங்கள் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பொருள்வாரியாகக் கோப்புறை அமைக்க வேண்டும். மதுரைத் திட்டத்தின் சீறாப்புராண மூலத்தைச் சேமித்தால், 'சீறாப்புராணம் – மூலம் – மதுரைத் திட்டம்' என்று தாமே பெயரிட வேண்டும். பார்த்த நாளையும் பயன்படும் செய்தியையும் குறிப்பேட்டில் இரு வரி எழுத வேண்டும். இன்றியமையாத பக்கத்தைப் படியெடுத்து வைக்க வேண்டும். கல்லூரிக் கணினியில் சேமித்தவை அக்கணினியோடு போய்விடக்கூடும். உலாவியின் ஏற்றுமதி வசதியால் அவற்றை ஒரே கோப்பாக்கித் தம் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை களையெடுப்பதும் நன்று.

ஆசிரியப் பெருமக்களும் ஒப்படைப்புக் கட்டுரையோடு இப்பட்டியலையும் கேட்டு வாங்குவார்களாயின், சான்று காட்டி எழுதும் பண்பு தானே வளரும்.

நாம் வைத்த மயிலிறகு கடைசிவரை குட்டி போடவில்லை. புத்தகக்குறிகளோ நாள்தோறும் போடுகின்றன. பெற்றால் போதாது, பெயரிட்டு வளர்க்கவும் வேண்டும்.