அருவிக்கு மேலே

குற்றாலத்துப் பேரருவியில் நீராடிய அளவிலே, அருவியை முற்றக் கண்டுவிட்டதாக மகிழ்ந்து ஊர் திரும்புவோர் பலர். அவர்கள் கண்டது சிற்றாற்றின் ஒரு வீழ்ச்சியையே. வனத்துறையினர் இசைவு தரும் நாளில், பேரருவிக்கு மேலே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் காட்டுவழி நடந்து செண்பகாதேவி அருவியை அடைவோரே ஆற்றை அறிவர். சித்திரை முழுமதி நாளில் அங்குள்ள அம்மன் கோயிலுக்கு மக்கள் இவ்வழியே செல்வதுண்டு.

கோடை வெயிலிலும் அக்காட்டில் மரநிழல் குளிரும். காலடியில் மெத்தெனக் கிடக்கும் சருகும் மண்ணும் மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாகக் கசியவிடும். மழை ஓய்ந்த பின்னும் அருவி வீழ்வது அதனாலன்றோ? பாறையிற் படர்ந்த பாசியோ, விரைந்து நடப்பாரைத் தவறாது வீழ்த்தும்! மலைச்சரிவின் ஓடைகள் ஆற்றிற் கலத்தலைக் காண்போர், முடியிற் பெய்யும் மழையும் அருவியில் வந்தே விழும் என்பதை உணர்வர்.

இவ்வுணர்வு உயிர்காக்க வல்லது. அருவியடியில் வெயில் காயும்போதே மலைமேல் பெருமழை பெய்தல் கூடும். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம், நீராட வந்த மாணவன் ஒருவனின் உயிரைக் கவர்ந்தது. தெளிந்த நீர் கலங்கினும், சருகும் சுள்ளியும் மிதந்து வரினும், இரைச்சல் மிகினும் அக்கணமே கரையேறல் வேண்டும். தடுக்கும் காவலரை இன்பத்திற்குப் பகைவராக இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. வெள்ளம் வடிந்ததும் அக்காவலரே வழிவிடுகின்றனர்.