அடிமாட்டு விலைக்கு சொகுசு கார்! உயிருக்கு மட்டும் முழு விலை!

கருப்பு அங்கி போட்ட நீதிபதி. எதிரே ஒரு பழைய பி.எம்.டபிள்யூ. எவ்வளவு கொடுத்து வாங்கியது என்று விசாரணை நடக்கிறது. 500 டாலர்தான் என்று சத்தியம் பண்ணுகிறார்கள் வண்டிக்காரர்கள். சொல்லிக்கொண்டே ஒரு மது பாட்டிலை நீதிபதி பக்கம் தள்ளுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்கிறார். லஞ்சம் கொடுத்தாச்சு என்று அந்தக் கார் மேலேயே பெயிண்டால் முத்திரை வேறு!

போலீஸ் வராது. கேஸ் கிடையாது. காரணம், இவர் கோர்ட்டு நீதிபதி அல்ல. கார் பந்தய நீதிபதி. நடப்பது அமெரிக்காவில். பந்தயத்தின் பெயர் '24 அவர்ஸ் ஆப் லெமன்ஸ்'.

வேலை வெட்டி இல்லாதவர்களின் கூத்து என்று தோன்றும். பாதி கூத்துதான். ஆனால் மீதிப் பாதியில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது.

வண்டியே எலுமிச்சம்பழம்!

பிரான்சு நாட்டில் லெ மான் என்று ஓர் ஊர். அங்கே 1923-ல் தொடங்கியது 24 மணி நேரக் கார் பந்தயம். பெரிய பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டி மோதும் இடம் அது.

அதைக் கிண்டல் செய்து, ஜே லாம் என்பவர் 2006-ல் கலிபோர்னியா மாநிலம் ஆல்டமாண்ட் பந்தயத் திடலில் ஆரம்பித்ததுதான் லெமன்ஸ். லெமன் என்றால் எலுமிச்சை. அமெரிக்கப் பேச்சில், வாங்கினவன் உயிரை வாங்கும் ஓட்டை வண்டிக்கும் அதே பெயர். நம்மூரில் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அங்கே வண்டியே எலுமிச்சம்பழம்!

ஆரம்ப காலத்தில் நிஜமாகவே நசுக்கினார்கள். போட்டியாளர்கள் ஓட்டுப் போட்டு ஒரு காரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கார் அங்கேயே அப்பளம்!

விதி சுருக்கமானது. வண்டி வாங்கிய விலை, ஓட வைக்க ஆன செலவு, இரண்டும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று அபராதம். 300 டாலர் அதிகம் என்று நீதிபதி முடிவு கட்டினால், பந்தயம் தொடங்கும் முன்பே அந்தக் கார் 30 சுற்று பின்னால் நிற்கும்!

பெயரில்தான் 24 மணி நேரம். பெரும்பாலான பந்தயங்கள் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் பகலில் பிரித்து நடத்தப்படுகின்றன. ஒரு காருக்கு நாலைந்து டிரைவர்கள். மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். யார் அதிகச் சுற்று சுற்றினார்களோ அவர்களுக்கு வெற்றி.

யானை கட்டித் தீனி

500 டாலருக்கு என்ன கார் கிடைக்கும்? தகர டப்பாதானே கிடைக்கும்?

அங்கேதான் ஆச்சரியம். இந்தப் பந்தயங்களுக்கு வரும் கூட்டத்தில் ஒரு காலத்தில் டாக்டரும் வக்கீலும் பந்தாவாக ஓட்டிய வெளிநாட்டு சொகுசுக் கார்கள் ஏராளம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், இங்கிலாந்தின் ஜாகுவார், சுவீடனின் வால்வோ, சாப் எல்லாம் வரும்.

ஜப்பானின் லெக்சஸ் எல்.எஸ்.400 கார் 1989-ல் அமெரிக்காவில் இறங்கியபோது விலை சுமார் 35 ஆயிரம் டாலர். 500 டாலர் என்றால் அதில் 70-ல் ஒரு பங்கு!

இத்தனை பெரிய வீழ்ச்சி எப்படி?

யானை வாங்குவது பெரிதல்ல, தீனி போடுவதுதான் பெரிது. சொகுசுக் காரும் அப்படித்தான். வருஷம் ஆக ஆகக் காரின் விலை இறங்கும். ஆனால் அதன் உதிரி பாகத்தின் விலை இறங்காது. மெக்கானிக் கூலியும் இறங்காது. 15 வருஷக் காரில் கியர் பெட்டி போய்விட்டால், மாற்றும் செலவு காரின் விலையைவிட அதிகம். சொந்தக்காரர் என்ன செய்வார்? கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். அடிமாட்டு விலை!

அந்தக் காரைத்தான் பந்தயக்காரர்கள் மடக்குகிறார்கள். உள்ளே இருப்பது என்னவோ நல்ல சரக்கு. கெட்டியான உடம்பு, பலமான எஞ்சின், பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை, நல்ல சஸ்பென்ஷன். 1982-ல் வந்த பி.எம்.டபிள்யூ. 3 வரிசைக் கார் இந்தப் பந்தயத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அது 500 டாலருக்கு எப்படிக் கிடைத்தது என்று நீதிபதிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் அளவுக்குப் பிரசித்தம்.

தோல் சீட்டு காசு ஆகிறது

வாங்கியதும் முதல் வேலை, சொகுசைக் கழற்றுவது. தோல் சீட்டு, தரை விரிப்பு, ரேடியோ, ஏ.சி. எல்லாம் வெளியே. இதில் இரட்டை லாபம். வண்டியின் எடை குறையும். கழற்றியதை விற்று வரும் காசையும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். காயலான் கடை சாமர்த்தியம்தான்!

பிறகு ஓட்டம். இங்கேதான் பலர் மண்ணைக் கவ்வுகிறார்கள்.

ரோட்டில் ஆபீசுக்குப் போய் வந்த எஞ்சின் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும்போது எல்லாப் பலவீனமும் வெளியே வரும். 1990-ல் வந்த பி.எம்.டபிள்யூ. 3 வரிசையில் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடைவது ஊரறிந்த கதை. தண்ணீர் ஒழுகும். எஞ்சின் கொதிக்கும். கவனிக்காமல் இன்னும் இரண்டு சுற்று ஓட்டினால் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். அத்தோடு பந்தயம் காலி. அதற்கு முந்தைய மாடலில் டைமிங் பெல்ட் அறுந்தால், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு எஞ்சினே நாசம். சில டாலர் பெல்ட்டை மாற்றாததால் போகும் உயிர்!

வேகப் புலிகள் இங்கே அதிகம் ஜெயிப்பதில்லை. ஓரமாக நின்று ரிப்பேர் பார்க்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். சூட்டு முள்ளைப் பார்த்துப் பார்த்து, பிரேக்கைச் சிக்கனமாக மிதித்து, யாரையும் உரசாமல் போகிறவன்தான் கடைசியில் முன்னால் வருகிறான்.

உரசினால் கருப்புக் கொடி. தப்பு யார் மேல் என்ற வாதமே கிடையாது. வண்டியை நிறுத்தி நீதிபதி முன்னால் போய் நிற்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி தண்டனை கிடைக்கும். சிரிப்பு ஒரு பக்கம். கடிகாரம் ஓடுகிறதே, அதுதான் உண்மையான தண்டனை.

இன்னொரு விசேஷம். முதலில் வந்தவருக்குக் கிடைக்கும் பரிசைவிடப் பெரிய மரியாதை வேறு ஒரு பரிசுக்கு. இருப்பதிலேயே மோசமான வண்டியை வைத்துக்கொண்டு யார் அதிகம் சாதித்தார்களோ, அவர்களுக்கு அது!

உயிருக்கு உச்சவரம்பு இல்லை

இனி அந்தப் பெரிய நியாயத்துக்கு வரலாம்.

காருக்கு 500 டாலர் என்று கறாராக இருப்பவர்கள், ஓட்டுகிறவன் உயிருக்கு மட்டும் உச்சவரம்பு வைக்கவில்லை. வண்டிக்குள் போடும் இரும்புக் குழாய்க் கூண்டு கணக்கில் வராது. பந்தய சீட்டு வராது. இடுப்பையும் தோளையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் வராது. பிரேக், சக்கரம், டயர் எதுவும் வராது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவு பண்ணு என்கிறது விதி.

நெருப்புப் பிடிக்காத உடை, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் கவசம் எல்லாம் கட்டாயம். பெட்ரோல் போடும்போது டிரைவர் காருக்குள் உட்காரக்கூடாது. தீயணைப்புக் கருவியோடு ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். காரின் எடை கூடினால் கூண்டுக் குழாயின் கனமும் கூட வேண்டும். பரிசோதனையில் தேறாத கார் திடலுக்குள் நுழையாது. விலை விசாரணையில் மது பாட்டில் செல்லும். கூண்டு விஷயத்தில் எந்த பாட்டிலும் செல்லாது!

பணத்தில் புரண்ட பந்தயங்களே இந்தப் பாடத்தை ரத்தம் கொடுத்துத்தான் கற்றன. 1955-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, அதே லெ மான் திடலில் மெர்சிடிஸ் பந்தயக் கார் ஒன்று இன்னொரு காரில் மோதிப் பறந்தது. அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. ஓட்டியவரோடு சேர்த்து 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உலகத்திலேயே உயர்ந்த கார் அது. வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தவனைக் காப்பாற்ற முடிந்ததா?

500 டாலர் என்பது பித்தலாட்டம் என்று சிலர் சொல்கிறார்கள். கூண்டு, உடை, டயர், நுழைவுக் கட்டணம் எல்லாம் கூட்டினால் பல ஆயிரம் டாலர் ஆகிறது. ஏழை எங்கே ஓட்டுவது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இது ஏழைகளின் பந்தயம் அல்லவே அல்ல. பெட்ரோலும் வீணாகத்தான் எரிகிறது.

ஆனால் அந்தப் பல ஆயிரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பளபளப்புக்குப் போகவில்லை. எஞ்சினின் வேகத்துக்கும் போகவில்லை. மனுஷன் முழுசாக வீடு திரும்புவதற்குப் போகிறது. நாலைந்து நண்பர்கள் பங்கு போட்டால் தாங்கக்கூடிய செலவு. கோடீசுவரர்கள் மட்டுமே கால் வைத்த திடலில், பட்டறைக்காரனும் சம்பளக்காரனும் ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வழி பிறந்தது இப்படித்தான்.

பழைய கார் வாங்க நினைக்கிற எவருக்கும் இதில் பாடம் உண்டு. பெரிய பெயர், சின்ன விலை என்று ஒரு சொகுசுக் கார் கண்ணடித்தால் உடனே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள். கியர் பெட்டிக்கும் ரேடியேட்டருக்கும் என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். கையில் இருக்கிற காசு வாங்க மட்டும்தான் போதும் என்றால், அந்த யானை வேண்டாம்.

அப்படியும் வாங்கித்தான் தீருவேன் என்றால், பாட்டுப் பெட்டியும் சீட்டு உறையும் அப்புறம். பிரேக்கும் டயரும் பெல்ட்டும் முதலில்.

பெயிண்ட் உதிர்ந்த காரை ஓட்டுவது அவமானம் இல்லை. பிரேக் இல்லாத காரைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பதுதான் அவமானம்!