யார் போட்ட கையெழுத்து?



டாக்டர்களுக்குச் சங்கம் உண்டு. வக்கீல்களுக்கும் உண்டு. பால்மரம் சீவிய நமக்கும் தொழிற்சங்கம் உண்டு. இஞ்சினியர்களுக்கும் ஒரு கழகம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? "படித்தவர்கள் கூடும் இடம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் படுத்துறங்கும் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

இன்று நாம் தொழிலாளர் தினம் கொண்டாடும் அதே மே முதல் நாளில், 1959ஆம் ஆண்டு, மலேசியப் பொறியாளர் கழகம் தொடங்கியது. நாடு சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது. சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகம் 1966இல் பிறந்தது.

சங்கம் அமைத்தால் மட்டும் போதுமா? ஆளாளுக்குத் தம்மை இஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டால் தடுப்பது யார்? அதற்குச் சட்டம் வேண்டும். மலேசியாவில் 1967இல் பொறியாளர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1972 ஆகஸ்டில் அதை நடத்தப் பொறியாளர் வாரியம் அமைந்தது. சிங்கப்பூரில் 1970இல் சட்டம் வந்தது. கழகத்தில் சேருவது அவரவர் விருப்பம்; வாரியத்தில் பதிவதோ சட்டத்தின் கட்டளை.

இந்தக் கட்டளை ஏன் என்று கேட்கிறீர்களா? 1986 மார்ச் 15ஆம் நாள், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் நொடிப்பொழுதில் சரிந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். அப்போது ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்களும் மீட்பு வேலையில் இறங்கினார்கள். விசாரணையில் என்ன தெரிந்தது? கட்டடத்துக்குக் கணக்குப் போட்டவர், அதன் சொந்த எடையையே சேர்க்காமல் விட்டிருந்தார். அவர் தகுதி பெற்ற பொறியாளர் அல்ல, படம் வரைபவர். 1989இல் சிங்கப்பூர் புதிய கட்டடச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் போட்ட கணக்கை மற்றொரு தகுதி பெற்றவர் சரிபார்க்கும் முறை வந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டில் குடியேறியவர்கள் நம்மில் பலர். பிள்ளைகள் பெருகியதும் சுவரை இடித்துச் சமையலறையை நீட்டுகிறோம். மேலே ஒரு மாடி எழுப்புகிறோம். "ஒன்றும் ஆகாது அண்ணே" என்று கொந்திராக்டர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். தூணைத் தொடுமுன், பாரத்தை ஏற்றுமுன், கணக்குப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். நகராண்மைக் கழகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அவர் பெயர் வாரியப் பதிவில் உண்டா என்பதை யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இஞ்சினியருக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: பட்டம் வாங்கியதோடு முடியவில்லை. மலேசியாவில் பதிவு செய்து, குறைந்தது 3 ஆண்டு அனுபவம் பெற்று, தேர்விலும் தேற வேண்டும். பிறகே பெயருக்கு முன் 'இர்.' போடலாம். அந்த இரண்டு எழுத்து வெறும் பெருமைக்கல்ல. "இது இடிந்தால் நான் பொறுப்பு" என்று சொல்கிற எழுத்து அது.